குக்கியும் கொக்கிஸும்



பிஸ்கட் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், பிரெஞ்சில் படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ‘பிஸ்’ என்றால் இரண்டு தடவை, ‘குயி’ என்றால் வெந்தது. கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, ஒருமுறை வெந்த ரொட்டியை மறுபடியும் அடுப்பில் வைத்து உலர்த்துவார்கள். காரைக்காலில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இது. ஆனால் இன்று பிள்ளைகள் பிஸ்கட் என்று சொல்வதில்லை, குக்கி என்கிறார்கள். அந்தச் சொல் பிரெஞ்சும் இல்லை, மூலத்தில் ஆங்கிலமும் இல்லை. டச்சு மொழி. ‘கூக்’ என்றால் கேக், ‘கூக்யெ’ என்றால் குட்டிக் கேக்.

இந்தச் சொல்லைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. மழை விடுமுறையில் தேவாலாவுக்கு வந்த என் பேத்தி, ஊரிலிருந்து ஒரு சின்ன ஓவனையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஓட்ஸ் குக்கி செய்யப் போகிறாளாம். ஓட்ஸுக்குப் பிரெஞ்சில் ‘அவ்வான்’ என்று பெயர். எங்கள் பாடப் புத்தகத்தில் அது குதிரைத் தீனி. 1755-இல் வந்த ஜான்சனின் ஆங்கில அகராதிகூட, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மனிதர் சாப்பிடுகிறார்கள் என்று கிண்டல் செய்தது. கொள்ளு ரசம் வைக்கும் நாம் இதில் ஸ்காட்லாந்துக்காரர் பக்கம்தான் நிற்க வேண்டும்! கடையில் வாங்கும் ஓட்ஸ் வேறொன்றுமில்லை, ஆவியில் வேகவைத்து உருளையால் நசுக்கிய ஒருவகை அவல். அமெரிக்காவில் 1877-லேயே குவாக்கர் என்ற பெயரைப் பதிவு செய்து பெட்டியில் அடைத்து விற்றார்கள். பெட்டியின் மேலேயே சமையல் குறிப்பை அச்சடித்ததும் அவர்கள்தான். ஓட்ஸ் குக்கி வீட்டுக்கு வீடு பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வாசனை பிடித்து எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டு அம்மா. எழுபத்தெட்டு வயது. கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இங்கே வந்தவர்.

“என்ன பிள்ளை சுடுற?”

“குக்கீஸ், பாட்டி.”

“கொக்கிஸா? அது எண்ணெயில போடுறதில்லையா? அச்சு எங்க?”

பேத்தி சிரித்தாள். பாட்டிக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மா சொன்னது தவறே இல்லை. இரண்டும் ஒரே சொல்.

டச்சுக்காரர்கள் 1656-இல் கொழும்பையும், 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1796-இல் ஆங்கிலேயர் வரும் வரை இலங்கைக் கரை அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று கொக்கிஸ். அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, சூடான இரும்பு அச்சை அதில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு இலங்கையில் கொக்கிஸ் இல்லாத பலகாரத் தட்டு அரிது. வீடுகளில் ஓவன் ஏது? அதனால்தான் குட்டிக் கேக்கின் பெயர் எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கியது என்பது என் ஊகம். நம் அச்சு முறுக்கும் கேரளத்தின் அச்சப்பமும் இதன் உடன்பிறப்புகள். ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்துமஸுக்கு இதையே செய்து ரோஸ் குக்கி என்பார்கள், அங்கேயும் அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், காரைக்காலுக்குப் பக்கத்து ஊரான நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்தான் இருந்தார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் அது அச்சு முறுக்குதான்.

அதே பதினேழாம் நூற்றாண்டில் வேறொரு டச்சுக் கூட்டம் மேற்கே போய் இன்றைய நியூயார்க்கில் குடியேறியது. 1664-இல் ஆங்கிலேயர் அந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் ‘கூக்யெ’ அங்கே தங்கி, அமெரிக்கர் வாயில் குக்கி ஆயிற்று. ஒரே சொல் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாகப் போய், முந்நூற்று ஐம்பது வருஷம் கழித்து எங்கள் சமையலறை வாசலில் சந்தித்திருக்கிறது.

கிழக்கே போன சொல் தேவாலாவுக்கு எப்படி வந்தது என்பது இந்த வட்டாரத்தில் தெரியாதவர் குறைவு. ஆனாலும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வது. 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களைப் பங்கு போட்ட கணக்கு இது. குமாஸ்தாவாக எத்தனையோ கணக்குப் பார்த்த எனக்கும் இதைப் படிக்கும்போது மனம் கூசும். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக ஊர் ஊராகப் போனார்கள். நீலகிரிக்கு வந்தவர்களுக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிற்பாடு டான்டீ ஆயிற்று. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கமெல்லாம் அவர்கள் நட்ட தேயிலை.

தாலுகா அலுவலகத்தில் அவர்களுடைய குடும்ப அட்டைகளைப் பார்த்துப் பதிவேடு எழுதியவர்களில் நானும் ஒருவன். பெயர், வயது, உறவு, தொழில். தொழில் என்ற இடத்தில் அநேகமாக எல்லோருக்கும் தோட்டத் தொழிலாளி. ரொட்டியைப் ‘பாண்’ என்பார்கள், எனக்கு அது உடனே புரியும். பிரெஞ்சில் ‘பேன்’, போர்த்துக்கீசியத்தில் ‘பாவ்ங்’. ஆனால் ஊரில் அந்தப் பாணைக் கேலி செய்தார்கள். சிலோன்காரன் என்றார்கள், அகதி என்றார்கள். அகதி என்பது பொய். இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியப் பிரஜைகளாக வந்தவர்கள் அவர்கள். இன்றைக்கும் தோட்டத்தில் வேலை முடிந்தால் லைன் வீட்டையும் விட வேண்டும் என்ற கவலையோடுதான் பலர் ஓய்வு பெறுகிறார்கள்.

குக்கிக்கு வருவோம். பேத்தியின் அளவு இது: வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், முட்டை 1, மைதா 100 கிராம், ஓட்ஸ் 125 கிராம், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்துவிட்டு மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். கடிக்கும்போது மொறுமொறுவென்று இருக்க உடைத்த கடலை மிட்டாயும் முந்திரியும், இனிப்புக்கு உலர்ந்த திராட்சையும் போட்டாள். 180 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். கடலை மிட்டாய் விளிம்பில் இருந்தால் உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே தள்ளி வையுங்கள்.

தேவாலா மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் தட்டு சாயங்காலத்துக்குள் நமுத்துவிட்டது. நாட்டுச் சர்க்கரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை பாதிக்கு வெள்ளைச் சர்க்கரை போட்டு, ஆறியதும் டின்னில் அடைத்தோம். மூன்று நாள் தாங்கியது.

அந்த அம்மா ஒன்றை எடுத்து, பாதி கடித்துப் பார்த்துவிட்டு, தேங்காய்ப்பூ வறுத்துப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். ஆஸ்திரேலியாவில் முதல் உலகப் போர் நாளிலிருந்து பெயர் பெற்ற அன்சாக் பிஸ்கட்டில் ஓட்ஸும் தேங்காயும்தான் சேர்க்கிறார்கள் என்று பேத்தி தேடிக் கண்டுபிடித்தாள். பாட்டி அதைக் கேட்டு வியக்கவில்லை. தேங்காய் போட்டால் நன்றாகத்தானே இருக்கும் என்று விட்டார்.

அவர் டிரங்குப் பெட்டியில் கப்பலேற்றிக் கொண்டுவந்த கொக்கிஸ் அச்சு இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறதாம். சித்திரைக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.