கொல்லிமலைச் சோலைகளைக் குறைத்தது யார்?

நாமக்கல் சமவெளியில் நின்று பார்த்தால் கொல்லிமலை ஒரே பச்சைச் சுவர். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போனால்தான் அது ஒரு காடல்ல, பல காடுகள் என்று தெரியும். அடிவாரத்தில் முள்ளும் புதரும், சரிவில் கோடையில் இலையுதிர்க்கும் மரங்கள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடைப் பள்ளங்களை ஒட்டி ஆண்டு முழுவதும் பசுமை மாறாத சோலைகள். நாவல், காயா, கருங்குங்கிலியம் என்று அங்கே நிற்கும் மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கு உறவு. ஆனாலும் இதை மழைக்காடு என்று சொல்லத் தாவரவியலாளர்கள் தயங்குவார்கள். அசல் மழைக்காட்டுக்கு ஆண்டில் 2,000 மில்லிமீட்டராவது மழை வேண்டும், அண்டை மலையான ஏற்காட்டிலேயே 1,500 அளவுக்குத்தான் பெய்கிறது. மீதியை மூடுபனியும் பள்ளத்து ஈரமும் ஈடுசெய்கின்றன. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: பெய்த மழையை இலைமக்கிலும் வேரிலும் பிடித்துவைத்து மெல்ல விடுவது. கொல்லிமலையில் ஆகாய கங்கையாக விழும் ஐயாறும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்தையும் நாமக்கல் மாவட்டத்தையும் கடந்து காவிரியில் சேரும் திருமணிமுத்தாறும் இந்த மலைத்தலைகளின் தயவில் ஓடுபவை.

இந்தச் சோலைகள் ஏன் சுருங்கின என்று கேட்டால், ஒன்றரை நூற்றாண்டாக ஒரே பதில்: மலைவாசி வெட்டி எரித்தான். இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் ஏரோட்டும் நிலத்தை உழவுக்காடு என்றும், சரிவில் மண்வெட்டியால் கொத்தி விதைக்கும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் பிரித்தார்கள். கொத்துக்காட்டில் சில ஆண்டு சாமையோ கேழ்வரகோ விளைந்தபின் நிலத்தைத் தரிசாக விட்டு வேறிடம் போவார்கள். வெப்பமண்டலக் காடுகள் அழிந்தால் என்ன ஆகும் என்று 1851-ல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு அறிக்கை தந்த குழுவில் முதன்மையானவர் ஹியூ கிளெகார்ன். 1856-ல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளரான அவருக்கு இந்தச் சாகுபடி கண்ணில் விழுந்த தூசி. 1860-ல் அரசுக் காடுகளில் அதற்குத் தடையும் வந்தது. காடு நீரைக் காக்கும் என்ற அவருடைய கவலை நியாயமானது. குற்றவாளியைத் தேடிய இடம்தான் தவறு. வல்வில் ஓரி காலந்தொட்டு இலக்கியம் அறிந்த மலை இது. மண்வெட்டிதான் சோலைக்கு எமன் என்றால், இத்தனை நூற்றாண்டுக் குடியிருப்புக்குப் பிறகு 19-ஆம் நூற்றாண்டில் காப்பாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஊர்களுக்கு நடுவே கோயில்காடுகள் இன்றும் நிற்கின்றன. அங்கே கோடரி எடுத்துப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு வனச்சட்டத்துக்கு மூத்தது.

மலைக்குக் கீழே அப்போது என்ன நடந்தது? 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத்தின் இரும்புக் கம்பெனி சேலத்துக் கஞ்சமலைத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையிலும், பின்னர் காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலை மூட்டியது. நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி, அந்தக் கரிக்கு அதைவிடப் பல மடங்கு விறகு. 1861-ல் சேலத்துக்கு ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடிக்கட்டையாகவும் எஞ்சினுக்கு எரிபொருளாகவும் மரம் போனது. இவை தின்றது பெரும்பாலும் அடிவாரத்தையும் சரிவையும்தான், உச்சிச் சோலையை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரியே. ஆனால் கீழ்க்காடு மெலிந்தபின் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மேலே ஏறாமல் வேறு எங்கே போவது?

உச்சியையே நேராகத் தொட்டது காபி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்கு அதைக் கொண்டுவந்தார். காபிக்குப் பிடித்த உயரமும் சோலைக்குப் பிடித்த உயரமும் ஒன்றே. நிழல் மரம் இருக்கிறதே, மொட்டை மலையைவிடத் தேவலை அல்லவா என்பார்கள் தோட்டக்காரர்கள். தேவலைதான்; மண் சரியாது, பறவையும் வரும். ஆனால் பல தோட்டங்களில் அந்த நிழல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கின் நிழல், மிளகுக்கொடி ஏற வசதியாக நட்டது. அடியில் ஆண்டுதோறும் களை எடுக்கும்போது சோலைமரக் கன்றும் களையோடு களையாகப் போய்விடும்.

அடுத்தது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்து வியாபாரிகள் மரவள்ளியில் அதைச் செய்யப் பழகினார்கள். கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் மாவைப் படியவிட்டு, குலுக்கி மணியாக்கி, வறுத்துக் களத்தில் காயவைக்கிறார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. அசல் ஜவ்வரிசி தென்கிழக்காசியச் சதுப்புக் காட்டுப் பனையின் மாவு. மரவள்ளி அமேசான் காட்டு விளிம்பில் பயிரானது. இரண்டு மழைக்காடுகளின் கொடையில் எழுந்த தொழில் மழைக்காட்டுக்கு உறவான மூன்றாவது காட்டின் ஓரத்தை அரித்தது என்பது சரித்திரத்தின் குறும்பு. கொல்லிமலையில் அது முதலில் பிடித்தது சோலையை அல்ல, சாமை நிலத்தை என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டவெட்டிச் சாமையும் மல்லியச் சாமையும் சுருங்கின. நிலத்தைத் தரிசு விடும் பழக்கமும் போயிற்று. கிழங்கு பிடுங்கச் சரிவைக் கிளறிப்போடுவதால் மண் மழையோடு இறங்குகிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது: சாமையைக் குத்தி அரிசியாக்கப் பெண்கள் உலக்கையோடு மாரடிக்க வேண்டும், கிழங்கு லாரியேறினால் கையில் காசு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அரவை இயந்திரத்தையும் விற்பனை வழியையும் கொண்டுபோனது இதை உணர்ந்துதான்.

2000-ல் சிட்டிபாபு, பார்த்தசாரதி இருவரும் வெளியிட்ட ஆய்வு கொல்லிமலையின் பெருமாக்கை, வெங்கோடை உள்ளிட்ட நான்கு சோலைகளை ஒப்பிட்டது. மனிதத் தலையீடு குறைந்த சோலையில் மரவகை அதிகம், கூடியதில் குறைவு. பார்த்தீர்களா, மனிதன்தானே காரணம் என்று இதையே எனக்கு எதிராகக் காட்டலாம். கோடரி பிடித்த கை மலைக்காரனுடையதாகவே இருக்கட்டும். நிலத்தில் எது நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்த விலையைத் தீர்மானித்தது அவனல்ல. தடைகளெல்லாம் மேலே போட்டவை, தேவையெல்லாம் கீழிருந்து வந்தவை. சாமையை விட்டவர்கள் விலை கிடைத்தால் மறுபடி விதைக்கலாம், விதை பானையில் இருக்கும். சோலை மரங்கள் பலவற்றின் சதைக்கனி விதை அப்படிக் காத்திருக்காது, காய்ந்தால் செத்துவிடும். முளைக்க ஈரநிழல் வேண்டும், கனியைத் தின்று எச்சமிடப் பறவையும் வேண்டும். ஆகவே வெட்டவெளியில் கன்று நட்டு வனம் வளர்க்கும் திட்டங்கள் மரத்தைத் தரும். பெருமாக்கை போன்ற ஒரு சோலை பக்கத்தில் மிஞ்சியிருந்தால் மட்டுமே அவை சோலையாகும்.