குறைபாடு யாருடையது?

'குறைபாட்டு நோய்' என்று பெயர் வைத்ததுமே பழி தின்கிறவர் தலையில் விழுந்துவிடுகிறது. 1918இல் குன்னூரில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன், 1920களில் பல வட்டாரச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு ஒப்பிட்டார். சப்பாத்தி, பால், காய்கறி தின்ற 'சீக்கிய' எலி கொழுத்தது. 'மதராசி' எலி நோஞ்சானாயிற்று. ராணுவத்துக்கு ஆள் பிடித்த 'வீர இனம்' என்கிற பட்டியலுக்கு இது தோதாகப் போயிற்று. ஏழையின் தட்டு, ஒரு வட்டாரத்தின் உடம்பாக மாறிவிட்டது.

ஆனால் பெரிபெரி வேறு கதை சொன்னது. ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்ற வட சர்க்கார் தெலுங்கு மாவட்டங்களில்தான் அது பரவியது. புழுங்கலரிசி தின்ற தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். 1935இல் இயக்குநரான அய்க்ராய்டு காலத்தில் குன்னூர் இதை அளந்து காட்டியது. நெல் அவித்த பொம்பளைகள் வைட்டமினுக்காக அவிக்கவில்லை, நொய் விழாமலிருக்கத்தான். இருந்தும் காத்தது அவர்கள் கைப்பழக்கம்.

திருச்செங்கோட்டு மேட்டுக்காட்டில் அன்றாடம் ராகிக்களியும் கம்மஞ்சோறும், நெல்லஞ்சோறு நோம்பிக்குத்தான். 100 கிராம் ராகியில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் சுமார் 10. அரிசி கௌரவமானது, களி கேவலமானது. பிறகு 2021இல் ஒன்றிய அரசு, ரேஷன் அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் கலப்பதாக அறிவித்தது.

எது குறைகிறது என்று ஆய்வகம் சொல்லும். யார் எடுத்தார்கள் என்பதை ஆலை, கூலி, நிலம் இவற்றின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.