தெக்ரூஸ்: ஒரு குடிப்பெயரின் வரலாறு

தூத்துக்குடி தூய பனிமய மாதாவின் பொன்தேரை 1806-ஆம் ஆண்டில் முன்னின்று செய்வித்தவர் பரதவர் குலத் தலைவர் தொன் கபிரியேல் தெக்ரூஸ் கோமஸ். ‘பாண்டியபதி’ எனப் போற்றப்பெற்ற இத்தலைவர்களின் பெயரோடு இணைந்து வரும் ‘தெக்ரூஸ்’ என்பதன் பொருள் யாது? அது நம் கடற்கரைக்கு வந்த வழி எது?

‘தா குரூஸ்’ என்னும் போர்த்துக்கீசியத் தொடருக்குச் ‘சிலுவையைச் சார்ந்த’ என்பது பொருள். நம்மிடையே வழங்கும் ‘குருசு’ என்னும் சொல்லும் அம்மொழி தந்ததே. பெர்னாந்தேஸ் என்றால் பெர்னாந்துவின் மகன். ரொட்ரீகஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். அப்பெயர்கள் மூதாதை ஒருவரைச் சுட்டுகின்றன. தெக்ரூஸோ எந்தத் தந்தையையும் சுட்டுவதில்லை.

இத்தகைய பெயர்கள் ஐரோப்பியக் குருதித் தொடர்பால் வந்தவை என எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. இவை திருமுழுக்கின்போது சூட்டப்பெற்றவை. கோழிக்கோட்டுச் சாமூதிரி 1513-இல் லிஸ்பனுக்கு அனுப்பிய ஒருவர் அங்கே மனந்திரும்பி, யோவான் தெக்ரூஸ் என்னும் பெயர் பெற்றார். பின்னர் குதிரை வணிகராக விளங்கினார். முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய பூசலில் பரதவர் துன்புற்ற 1530-களில், போர்த்துக்கீசியரின் துணையை நாடுமாறு அறிவுரை பகர்ந்தவர் அவரே. தூதர் கொச்சிக்குச் சென்றனர். 1536, 1537-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். குலத்தலைவரும் அந்த வணிகரின் பெயரையே ஏற்றார் என்பது மரபு.

ஆகவே, தொடக்கத்தில் இப்பெயர் காவல் வேண்டிப் பெற்ற முத்திரையாகவே இருந்தது. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மறைக்கல்வி ஏதுமின்றி வாடிய அம்மக்களிடம் தூய சவேரியார் வந்து சேர்ந்தது 1542-இல்தான்.

1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். பழைய காவலர் அகன்றனர். புதிய ஆட்சியாளரோ சீர்திருத்த சபையினர். உலக ஆதாயம் ஒன்றே கருதியிருப்பின், நம் முன்னோர் அன்றே பெயரையும் மறையையும் மாற்றிக்கொண்டிருக்கலாம். அவர்கள் மாற்றவில்லை. காவலுக்காகப் பெற்ற பெயர், காவல் நீங்கியபின் நம்பிக்கையின் பெயராயிற்று. குடிப்பெயரின் பெருமை அது பிறந்த நாளில் இல்லை. அது காக்கப்பெற்ற நாள்களில் இருக்கிறது.

நம் கடற்கரை ஊர்களில் வலை இழுத்து வாழ்ந்த எளியோர் பலருக்குச் ‘சிலுவை’ என்பதே பெயர். பாண்டியபதியின் குடிப்பெயருக்கும் அந்த எளியவரின் பெயருக்கும் பொருள் ஒன்றே. பொன்தேரின் வடத்தை இருவர் வழிவந்தோரும் சேர்ந்தே இழுக்கின்றனர்.