வாய்தா என்றொரு வாக்குறுதி!

செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் பங்காளி மீது பாகப்பிரிவினை கேஸ் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் வழியாக பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிறார். (மாவட்டத்தின் பெயர் விருதுநகர்; மாவட்ட கோர்ட் இருப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில்!) மத்தியானம் வரை காத்துக் கிடந்தவருக்குக் கிடைப்பது ஒரே வார்த்தை... 'வாய்தா!'

அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? அரபியில் 'வாதா' என்றால் வாக்குறுதி! உருது வழியாகத் தமிழுக்கு வந்து, கடன்காரரின் தவணைக்குப் பெயராகி, கடைசியில் கோர்ட் ஒத்திப்போடும் தேதியாகிவிட்டது.

18-ம் நூற்றாண்டில் நம் பக்கம் ஆற்காடு நவாபின் நிர்வாகம். 1801-ல் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. ஆள்தான் மாறினார்களே தவிர, வார்த்தைகள் மாறவில்லை. வக்கீல் என்றால், நம் காரியத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர். அண்டா குண்டாவை ஜப்தி செய்ய வரும் அமீனாவுக்கு மூலச்சொல் 'அமீன்', அதாவது நம்பகமானவர்! ஜாமீன் என்பது முதலில் நமக்காகப் பொறுப்பேற்று நின்ற ஆளைத்தான் குறித்தது. முன்சீப்பின் வேர்ச்சொல்லுக்கு 'பாதி' என்று பொருள். இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிட்டுத் தருபவர். பாருங்கள், எல்லாமே நம்பிக்கையில் பிறந்த சொற்கள்!

அதற்கும் முன்னால்? 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தைப் புரட்டுங்கள். திருவெண்ணெய்நல்லூர் சபையில் சுந்தரர் மீது ஒரு கிழவர் வழக்குச் சொல்கிறார்... 'இவன் எனக்கு அடிமை!' சபை கேட்பது மூன்றில் ஒன்றை: அனுபவ ஆட்சி, ஆவணம், சாட்சி. கிழவர் மூல ஓலையை நீட்டுகிறார். சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கேயே தீர்ப்பு! கதைதான், ஆனாலும், கேட்ட அந்த மூன்றும் இன்றைய சிவில் வழக்குக்கும் பொருந்துகிறதே!

வாய்தாவுக்குக் கடிவாளம் போடாமல் இல்லை. சிவில் வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்ற சட்டத் திருத்தம் 2002 ஜூலையில் அமலுக்கு வந்தது. சேலம் வக்கீல்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2005-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விலக்கு தந்தது. கட்சிக்காரர் திடீரென்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பது போல, கைமீறிய காரணம் இருந்தால் நான்காவதும் தரலாம். நியாயம்தான். ஆனால், விலக்கே வழக்கமாகிப் போனால்?

அடுத்த முறை 'வாய்தா' என்று கேட்டதும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். வாய்தாவுக்குக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது சட்டம். அதனால் எதிர்த்தரப்புக்கு ஆகும் செலவுக்கும் கோர்ட் உத்தரவு போட வேண்டும். யார் கேட்டார், என்ன காரணம், செலவுத்தொகை உண்டா என்று உங்கள் வக்கீலிடம் விசாரியுங்கள்.

வாக்குறுதி கொடுத்தவரைக் கேள்வி கேட்பதில் தப்பே இல்லை!