திரும்பும் சரக்கும் திரும்பும் தீர்வையும்

சுங்கங் கொள்ளுதல் அரசர்க்குரிய பழைய உரிமை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குப் புலி இலச்சினை பொறித்துச் சுங்கங் கொண்டமை பட்டினப்பாலையால் விளங்கும். முதற் குலோத்துங்கனோ சுங்கந் தவிர்த்த சோழனெனப் பெயர் பெற்றான். நீரால் பழுதுற்ற சரக்குக்குச் சுங்கத்தை நீக்கலாம், அன்றேல் பாதியாகக் குறைக்கலாம் என்பது கௌடிலியரது அர்த்தசாஸ்திரத்தின் விதி. வாங்கிய தீர்வையைத் திருப்பிக் கொடுக்கும் முறைமையோ பிற்காலத்தே மேனாட்டில் ஓங்கிற்று. ஆதாம் ஸ்மித் என்பார் 1776-இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

இதன் நியாயம் யாதெனில், இறக்குமதித் தீர்வை இந்நாட்டில் செலவாகும் பண்டத்தின்மேல் விழுவது. செலவாகாது வந்தவழியே மீளும் பண்டத்தின்மேல் அதனை நிறுத்திவைத்தல் முறையன்று என்பதே.

நிற்க. நம் தேசத்தில் 1878-ஆம் வருஷத்துக் கடற்சுங்கச் சட்டம், எளிதில் அடையாளங் காணத்தக்க சரக்கு இரண்டு வருஷத்துக்குள் கடல்வழியே மீள அனுப்பப்படின், செலுத்திய தீர்வையில் முக்காலே அரைக்கால் பங்கைத் திருப்பிக் கொடுக்க விதித்தது. எஞ்சிய அரைக்கால் சர்க்காரிடமே நின்றது. 1963 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்த 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதனை நூற்றுக்கு 98 ஆக உயர்த்தியது. ரூ. 50,000 தீர்வை கட்டிய சரக்குக்குப் பழைய சட்டப்படி ரூ. 43,750 கிடைக்கும், புதிய சட்டப்படி ரூ. 49,000 கிடைக்கும்.

திருப்பூரில் பனியன் தொழில் 1920-களில் வேரூன்றி, பின்னர் உலகச் சந்தையை எட்டியது. பின்னல் இயந்திரம், ஊசி, ஜிப், பொத்தான் முதலியன அயல்நாடுகளினின்றும் இங்கு வருகின்றன. அவற்றுள் விலைபோகாது தங்கியவற்றை அனுப்பியவர்க்கே திருப்பும் வர்த்தகர், கட்டிய தீர்வையையும் போயிற்றென்று விடலாகாது. ஆயின் நிபந்தனைகள் உள. தீர்வை கட்டிய இரண்டு வருஷத்துக்குள் சரக்கு ஏற்றப்படல் வேண்டும். வந்த சரக்கே போகின்றதென்று அதிகாரிக்கு ஐயமற விளங்கவேண்டும். 1995-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஏற்றுமதிக்கு உத்தரவான மூன்று மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும். உபயோகித்த பொருளுக்குத் தொகை குறையும். பதினெட்டு மாதத்துக்கு மேல் உபயோகித்ததற்கு யாதொன்றுமில்லை. பழுதுடைய சரக்குக்கு 2009-இல் வேறொரு பிரிவு சேர்க்கப்பட்டது. விலைபோகாமை மாத்திரம் பழுதாகாது.

எனவே நம் அங்கத்தினர்கள் பெட்டியின் குறி, எண், பட்டியல், தீர்வை கட்டிய ரசீது ஆகியவற்றைப் பேணிவைத்தல் அவசியம். பெட்டியைப் பிரித்துப் பிற சரக்கோடு கலந்தபின் அடையாளங் காட்டுதல் அரிது. கடனாகப் பெற்ற முதலைக்கொண்டு தொழில் நடத்தும் குடும்பத்துக்கு இத்தொகை ஒரு மாதத்துக் கூலியாகவும், மக்கள் கல்விச் செலவாகவும் நிற்கும். கணக்கெழுதும் பிள்ளைகளுக்குப் பெரியோர் இவ்விதிகளை இப்பொழுதே கற்பிப்பாராக.