வேலைச்சந்தைத் தகவல் சமமின்மையும் ஊதிய இடைவெளியும்

வேலை எங்கே காலியாக இருக்கிறது, அதற்கு என்ன சம்பளம், அதே வேலையை வேறிடத்தில் செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற விவரங்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் எட்டுவதில்லை. இதையே வேலைச்சந்தைத் தகவல் சமமின்மை என்பர். ஒத்த திறமையும் ஒத்த உழைப்பும் உள்ள இருவரின் சம்பளம் வேறுபடுவதற்குப் படிப்பு, அனுபவம், பாகுபாடு ஆகியவற்றோடு இதுவும் ஒரு காரணம். பாகுபாடு வெளியே தெரியாமல் நீடிப்பதற்கும் இது துணைபோகிறது. குறைவாகப் பெறுகிறோம் என்பதே தெரியாதவர் எதை வைத்துக் கேள்வி கேட்பார்?

சந்தையில் நிலவும் கூலி எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பொருளியல் நெடுங்காலம் கணக்குப் போட்டது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1962இல் எழுதிய கட்டுரையில் இந்த அனுமானத்தைக் கேள்விக்கு உள்ளாக்கினார். வேலை தேடக் காலமும் பணமும் செலவாகும். அதனால் எவரும் எல்லா இடங்களிலும் விசாரித்துவிட்டுச் சேர்வதில்லை. ஒரே வேலைக்குப் பல சம்பளங்கள் நிலவுவது இயல்பு என்றார். இந்தத் தேடலின் தடைகளை ஆராய்ந்ததற்காகப் பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸாரிடீஸ் ஆகிய மூவரும் 2010இல் நோபல் பரிசு பெற்றனர். சேமிப்பு உள்ளவர் நான்கு இடம் பார்த்துவிட்டு முடிவு செய்வார். இந்த வார வாடகைக்கே வழியில்லாதவர் முதலில் கிடைத்ததில் சேர்ந்துவிடுவார்.

தெரிந்தவர் வழி

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் வேலை மாறிய ஆண்களை ஆராய்ந்து 1974இல் ஒரு நூல் வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலையை அறிந்திருந்தனர். அந்தத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அன்றாடம் பழகுபவர்கள் அல்லர், எப்போதாவது சந்திப்பவர்கள். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்திலிருந்துதான் வரும். அப்படித் தூரத்தில் அறிமுகம் உள்ளவர்கள் யார் என்பதைப் பிறப்பும் படிப்பும் பாலினமும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் மும்பை தாதர் பகுதியில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. உழைக்கும் சாதிகளின் ஆண்களுக்கு ஆலை வேலைகளும் பட்டறை வேலைகளும் சாதி உறவுகள் வழியே கிடைத்துவந்தன. 1990களில் ஆங்கிலம் படித்தவர்களின் வருமானம் உயர்ந்த பிறகும், அந்தக் குடும்பங்கள் பையன்களை மராத்திப் பள்ளிக்கே அனுப்பின. அந்த உறவு வலைக்கு வெளியே நின்ற பெண் பிள்ளைகளோ ஆங்கிலப் பள்ளிக்கு மாறத் தொடங்கினர். வேலை வாங்கித்தந்த அதே உறவு பையன்களைப் பழைய வேலையிலேயே கட்டிப்போட்டது.

ஆனால் பெரும்பாலான இடங்களில் இப்படி உறவு வலைக்கு வெளியே நிற்பது பெண்களுக்கு ஆதாயமாவதில்லை. மலாவி நாட்டில் களஆய்வுப் பணியாளர்களைச் சேர்த்தபோது லோரி பீமனும் அவருடைய சகாக்களும் செய்த சோதனையில், சிபாரிசு மூலம் ஆள் எடுத்தால் தகுதியுள்ள பெண்கள் விடுபட்டுப்போவது தெரிந்தது. பெரும்பாலான ஆண்கள் ஆண்களையே கைகாட்டினர்.

இடைத்தரகர்

செய்தி ஒரே ஆளின் கையில் இருக்கும்போது ஏற்றத்தாழ்வு மிகக் கொடியதாகிறது. தமிழர்கள் இதைத் தலைமுறைக் கணக்கில் அனுபவித்தவர்கள். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்த கங்காணியே முன்பணம் கொடுத்தவரும், கடன் கணக்கு எழுதியவரும், தோட்டத்துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே பேசியவரும் ஆவார். பக்கத்துத் தோட்டத்தில் நிலைமை மேல் என்று தெரியவந்தாலும் போய்விட முடியாது. கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927இல் வந்தது. இன்று செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மேஸ்திரி மூலம் முன்பணம் வாங்கிக்கொண்டு போகும் குடும்பங்களின் நிலையும் இதிலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.

தன் மதிப்பை அறியாமை

படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு (2024இல் வெளியானது), தொழிலாளர்கள் வெளியிலும் தம் சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும் என்று நம்புவதைக் கண்டது. அதனால் குறைந்த சம்பளம் பெறுவோர் வெளியே கிடைக்கக்கூடியதைக் குறைத்து மதிப்பிட்டு, இருக்கும் இடத்திலேயே தங்கிவிடுகின்றனர். உண்மை தெரிந்தால் குறைந்தது 10 சதவீத வேலைகளை இப்போதைய சம்பளத்தில் நடத்த முடியாது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அமெரிக்காவில் பொறியாளர்களுக்கான ஆள்சேர்ப்புத் தளம் ஒன்றை நீனா ரூசில் ஆராய்ந்தார். ஒத்த தகுதியுள்ள ஆண்களைவிடப் பெண்கள் 2.9 சதவீதம் குறைவாகச் சம்பளம் கேட்டிருந்தனர். நிறுவனங்கள் தர முன்வந்த சம்பளத்தில் இருந்த வேறுபாடு ஏறக்குறைய முழுவதும் இதிலிருந்தே பிறந்தது. 2018இல் அந்தத் தளம், ஒத்த தகுதியினருக்குக் கிடைக்கும் இடைநிலைச் சம்பளத்தை, கேட்கும் சம்பளத்தை எழுதும் பெட்டியில் முன்கூட்டியே நிரப்பிக் காட்டியது. கேட்பதில் இருந்த இடைவெளியும், கிடைப்பதில் இருந்த இடைவெளியும் மறைந்தன. பெண்களுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

மறைப்பும் சட்டமும்

லில்லி லெட்பெட்டர் 1979இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள காட்ஸ்டன் நகரிலிருந்த குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். ஓய்வு நெருங்கிய 1998இல், பெயரில்லாத ஒரு சீட்டின் மூலம்தான் உடன் பணிபுரிந்த ஆண்களின் சம்பளம் அவருக்குத் தெரிந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பணியிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாகப் பெற்றவருக்கே 4,286 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2007இல் 5-4 என்ற கணக்கில் தோற்றது. சம்பளத்தை நிர்ணயித்த 180 நாட்களுக்குள் முறையிட்டிருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படி முறையிடுவது என்பதற்கு அதில் விடை இல்லை. பாகுபாடான ஒவ்வொரு சம்பளப் பட்டுவாடாவும் புதிதாக முறையிடும் உரிமையைத் தரும் என்று திருத்திய சட்டம் 2009 ஜனவரியில் அவர் பெயரிலேயே கையெழுத்தானது.

ஐரோப்பா சம்பளத்தை வெளிப்படுத்தும் வழியை நாடியது. டென்மார்க் 2006இல் 35 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் ஆண், பெண் சம்பள விவரத்தைத் தனித்தனியே தர வேண்டும் என்றது. இடைவெளி ஏறத்தாழ 2 சதவீதப் புள்ளி குறைந்தது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஆண்களின் சம்பள உயர்வு மட்டுப்பட்டதே காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு நெறிமுறை, வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குச் சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. சக ஊழியர்கள் சம்பளத்தைப் பேசிக்கொள்ளும் உரிமையைக் காத்த அமெரிக்க மாநிலங்களிலோ சம்பளம் சராசரியாகச் சுமார் 2 சதவீதம் குறைந்ததாக ஸோயி கல்லனும் பாபி பாக்ஸாத்-ஹர்சனும் கண்டனர். ஒருவருக்கு உயர்த்தினால் எல்லாரும் கேட்பார்கள் என்று முதலாளிகள் கையை இறுக்கினர்.

இந்தியாவில் பலன் தந்ததற்குச் சான்று உள்ள முயற்சி ஒன்றும் உண்டு. ராபர்ட் ஜென்சன் டெல்லியைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆள்சேர்ப்பாளர்களை அனுப்பி, அழைப்பு மையம் போன்ற வேலைகளைப் பற்றி இளம்பெண்களுக்குச் சொல்லவைத்தார். அந்த ஊர்களில் பெண்கள் கூடுதலாக வேலைக்குச் சென்றனர், திருமணம் தள்ளிப்போனது, சிறுமிகள் பள்ளியில் நீடித்தனர்.

அரசின் ஏற்பாடு இதைவிடப் பழையது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், அரசுத்துறையும் 25 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தனியார் துறையின் விவசாய வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலை, அலுவலகங்களின் திறன் தேவைப்படாத வேலை ஆகியவற்றுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு செய்திக்காக மேஸ்திரியையும் தரகரையும் நம்பியிருக்கும் மக்கள் செய்யும் வேலைகள் பெரும்பாலும் இவைதான்.