வாய்மொழி செப்பேடான வரலாறு

மொழி ஒன்றேயாயினும் அது மக்களிடையே செல்லும் வழிகள் பல. வாயால் சொல்வது ஒரு வழி. ஓலையில் எழுதுவது ஒரு வழி. செம்பிலும் கல்லிலும் வெட்டுவது பிறிதொரு வழி. இவை ஒரே செயலில் அடுத்தடுத்து வந்து நிற்பதை ஆனைமங்கலச் செப்பேடுகளில் காண்கிறோம். நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரைச் சென்றடைந்தமையால் 'லெய்டன் பெரிய செப்பேடுகள்' எனவும் இவற்றை வழங்குவர்.

ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் வழங்கினான். அக்கொடை முதலில் வெறும் வாய்ச்சொல்லே. திருமந்திர ஓலை என்னும் அலுவலர் அதனை எழுத்தாக்கினார். மேலலுவலர் அதனை ஒப்பினர். பின்னர் அது திருமுகமாக நாட்டாரிடம் சென்றது. அவர்கள் எதிர்சென்று தொழுது பெற்றுத் தலைமேற் கொண்டனர். பெண்யானையை நடத்தி எல்லையை வரையறுத்தனர். எழுத்தறியாத உழவனும் கண்டு நினைவிற் கொள்ளத்தக்க ஆவணம் அந்த யானையின் நடை!

ஏடுகள் 21. அவற்றுள் 5 வடமொழியில் அமைந்தவை. 16 தமிழில் அமைந்தவை. வடமொழிப் பகுதி சோழர் குலப் பெருமையை விரிக்கிறது. நிலத்தின் எல்லை, வரி, நீருரிமை ஆகியவற்றைத் தமிழ்ப் பகுதியே கூறுகிறது. ஊராருக்கு விளங்கும் மொழியில் எழுதினாலன்றி உரிமை நிலையாது என்பதை அன்றையோர் அறிந்திருந்தனர்.

இராசராசன் மறைந்த பின்னரே இச்சொல் செம்பேறியது. தந்தை வாயால் சொன்னதை மகன் இராசேந்திரன் ஏட்டில் பொறித்து, தன் முத்திரையிட்டுக் காத்தான். வாய்மொழியோடு நின்றிருந்தால் அக்கொடையை இன்று யார் அறிவார்?

வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் பாட்டியோடு தொலைபேசியில் இனிய தமிழ் பேசுகின்றனர். அப்பாட்டி முன்னாளில் எழுதிய கடிதத்தைக் கையில் கொடுத்தாலோ, நம்மிடமே திருப்பித் தந்து படிக்கச் சொல்கின்றனர். வாய்மொழி நம் வீட்டில் உண்டு, ஓலைதான் இல்லை. குறை பிள்ளைகளுடையதன்று; எழுத்தைக் கற்பிக்க நேரம் ஒதுக்காத நம்முடையதே.

நாள்தோறும் கால் மணி நேரம் போதும். நாம் சொன்னதை அவர்கள் எழுதட்டும். எழுதியதை உரக்கப் படிக்கட்டும். தந்தையின் சொல்லை மகன் காத்த வரலாறு நம் வீடுகளிலும் தொடரும்.